ஆர்டரை மட்டும் அனுப்பினால் போதாது: கடையும் சப்ளையரும் தகவலைப் பகிர்ந்துகொள்வது எப்படி

கடையில் நேற்று என்ன விற்றது என்பது சப்ளையருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் கடை போடும் ஆர்டர்தான். இரண்டும் ஒன்றுதானே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கொள்முதல் வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒன்றில்லை. அந்த வித்தியாசத்தில்தான் இந்தத் தொழிலில் நிறையப் பணம் வீணாகிறது: ஒரு பக்கம் ஷெல்ஃப் காலியாக இருக்கும், இன்னொரு பக்கம் அதே பொருள் கிடங்கில் மலைபோல் குவிந்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் ஒரு பொருள் வாரத்துக்கு 100 விற்கிறது. இரண்டு வார விற்பனைக்கான சரக்கு எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்பது கடையின் வழக்கம், அதாவது 200. ஒரு வாரம் 110 விற்றுவிட்டது, மீதி 90. விற்பனை ஏறுகிறது, இனி 220 வைத்துக்கொள்வோம் என்று கடைக்காரர் 130க்கு ஆர்டர் போடுகிறார். சப்ளையரின் கிடங்கிலும் இதே இரண்டு வார வழக்கம்தான். அவரிடம் இருந்த 200ல் 130 போய்விட்டது, மீதி 70. இனி வாரம் 130 போகும்போல என்று அவர் 260ஐ இலக்காக வைத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு 190 ஆர்டர் போடுகிறார். விற்பனை கூடியது 10 சதவீதம், கடையின் ஆர்டர் கூடியது 30 சதவீதம், தொழிற்சாலைக்குப் போன ஆர்டர் கூடியது 90 சதவீதம்.

அடுத்த வாரம் விற்பனை பழையபடி 100க்கு வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இருந்த 220ல் 100 போக 120 இருக்கிறது, இலக்கு மறுபடி 200, எனவே கடை கேட்பது 80. சப்ளையரிடம் 260ல் 80 போக 180 இருக்கிறது. வாரம் 80 என்றால் அவருக்கு 160 போதும். தொழிற்சாலையிடம் அவர் ஒன்றுமே கேட்க மாட்டார். ஒரு வாரம் 190, மறுவாரம் பூஜ்யம். கடையில் வாடிக்கையாளர் செய்ததோ பத்துப் பொருள் கூடுதலாக வாங்கியது மட்டும்தான்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். கடை ஆர்டரோடு சேர்த்து "இந்த வாரம் விற்றது 110" என்பதையும் சொல்கிறது. சப்ளையர் இலக்கை 130ஐ வைத்துப் போடாமல் 110ஐ வைத்துப் போடுகிறார்: இலக்கு 220, கையில் 70, ஆர்டர் 150. அடுத்த வாரம் விற்றது 100 என்று தெரிகிறது. கையில் 220ல் 80 போக 140, இலக்கு 200, ஆர்டர் 60. 190, 0 என்று ஆடியது 150, 60 என்று இறங்கிவிட்டது. புது மென்பொருள் எதுவும் வாங்கவில்லை. ஒரு எண்ணைக் கூடுதலாகச் சொன்னோம், அவர் அதை வைத்து முடிவெடுத்தார், அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்துக்குத் துறையில் புல்விப் விளைவு என்று பெயர். சாட்டையின் பிடியை லேசாக அசைத்தாலும் நுனி பெரிதாகச் சுழலும் இல்லையா, அதுதான். அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961லேயே இதை விளக்கியிருந்தார். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் குழந்தைகளுக்கான டயப்பர் விற்பனையில் இதைக் கண்டது: குழந்தைகள் டயப்பர் பயன்படுத்தும் அளவு வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறாது, ஆனால் விநியோகஸ்தர்களிடமிருந்து வந்த ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்கின, பிராக்டர் அண்ட் கேம்பிளே தன் மூலப்பொருள் சப்ளையர்களுக்குப் போட்ட ஆர்டர்கள் அதைவிட மோசமாக ஆடின. 1997ல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்கு நான்கு காரணங்களைச் சொன்னார்கள்: ஒவ்வொருவரும் தனக்கு வந்த ஆர்டரை வைத்தே முன்கணிப்பு போடுவது, ஆர்டர்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடுவது, விலை அடிக்கடி ஏறி இறங்குவது, தட்டுப்பாடு வரும்போது தேவைக்கு மேல் கேட்டுவைப்பது. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள். எந்தத் தகவலைக் கேட்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குக் கிடைத்ததில்லை.

முதலில் பொருளின் பெயரைச் சரிசெய்யுங்கள்

ஆர்வத்தில் எல்லோரும் நேராக விற்பனை எண்களை அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். வேண்டாம். நீங்கள் ஒரு பொருளை எந்த எண்ணால் அழைக்கிறீர்களோ அதே எண்ணால்தான் சப்ளையரும் அழைக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. உங்கள் கணினியில் ஒரு உள் எண், அவருடையதில் வேறு எண், பில்லில் இன்னொன்று. பார்கோடு வந்து ஐம்பது வருடமாகிறது (முதல் சில்லறைப் பொருள் ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஒரு சூயிங்கம் பாக்கெட்), இன்னும் இந்தக் குழப்பம் தீரவில்லை.

இதற்கு, பார்கோடு எண்களை வழங்கும் உலக அமைப்பான ஜிஎஸ்1 கொடுக்கும் எண்களையே பொதுமொழியாக வைத்துக்கொள்ளுங்கள். பொருளுக்கு ஜிடிஐஎன், இடத்துக்கு 13 இலக்க ஜிஎல்என், பேலட் (பெட்டிகளை அடுக்கி ஏற்றும் தட்டு) அல்லது பெட்டிக்கு 18 இலக்க எஸ்எஸ்சிசி. இதில் கவனிக்க வேண்டியது, ஒற்றைப் பொருளுக்கு ஒரு ஜிடிஐஎன், அதையே 24 அடுக்கிய அட்டைப்பெட்டிக்கு வேறு ஜிடிஐஎன். கடை விற்பது ஒற்றையில், ஆர்டர் போடுவது பெட்டியில். ஒரு பெட்டிக்கு எத்தனை என்ற அந்த ஒரு எண் தவறினால் மற்ற எல்லாமே தவறிவிடும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இது நடந்தது. ஒரு சப்ளையர் பெட்டிக்கு 24 இருந்ததை 20 ஆக மாற்றினார், பெட்டியின் எண்ணை மாற்றவில்லை, எங்களுக்குச் சொல்லவும் இல்லை. 50 பெட்டி வந்தால் எங்கள் கணினி 1200 என்று ஏற்றிக்கொண்டது, வந்தது 1000. ஒவ்வொரு லோடுக்கும் 200 பொருள் காகிதத்தில் மட்டும் இருந்தது. இருப்பு நிறைய இருக்கிறது என்று கணினி நினைத்ததால் தானாக ஆர்டர் போடவே இல்லை, ஷெல்ஃப் காலியாகிக்கொண்டே வந்தது, நாங்கள் பல வாரம் "இந்தப் பொருளுக்கு மவுசு குறைந்துவிட்டது" என்று நம்பிக்கொண்டிருந்தோம். எங்கள் விற்பனை எண்களைப் பார்த்த சப்ளையரும் அதையேதான் நம்பினார். தப்பான தகவலை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால், இரண்டு பேரும் ஒரே தப்பை உறுதியோடு செய்வார்கள்.

எனவே உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரியுங்கள்: பொருளின் எண், பெட்டியின் எண், பெட்டிக்கு எத்தனை, பேலட்டுக்கு எத்தனை பெட்டி, எடை, அளவு, குறைந்தபட்ச ஆர்டர், லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்து சேர ஆகும் நாட்கள்). இரண்டு தரப்பும் வரி வரியாக ஒப்பிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். இதில் ஏதாவது மாறப்போகிறது என்றால் மாறுவதற்கு எத்தனை நாள் முன்னால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் அப்போதே எழுதிவைத்துவிடுங்கள். சலிப்பான வேலைதான். இதைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் ஆறு மாதம் கழித்துத் திரும்பி இங்கேயே வந்து நின்றதைத்தான் பார்த்திருக்கிறேன்.

கையிருப்பு எண்ணும் இதே கதைதான். டிஹொரேஷியஸ், ராமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் கிட்டத்தட்ட 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சரிபார்த்தபோது 65 சதவீதம் தவறாக இருந்தது. 2008ல் வெளியான ஆய்வு அது. கணினியில் உள்ள எண்ணும் ஷெல்ஃபில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை. திருட்டு, உடைசல், பில் போடும்போது ஒரே மாதிரி இரண்டு வாசனையில் ஒன்றையே இரண்டு தடவை ஸ்கேன் செய்வது, தப்பாக இறக்கிய லோடு, எல்லாம் சேர்ந்து இப்படியாகிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக ஸ்டாக் எடுப்பது போதாது. சப்ளையரோடு பகிரப்போகும் பொருட்களை மட்டுமாவது சுழற்சி முறையில், வாரத்துக்குக் கொஞ்சம் என்று, கையால் எண்ணிச் சரிசெய்துகொண்டே வாருங்கள். கணினி 12 இருக்கிறது என்று சொல்லியும் நாள் கணக்கில் ஒன்றுகூட விற்காத பொருளை முதலில் போய்ப் பாருங்கள். அனேகமாக அங்கே ஒன்றும் இருக்காது.

முதல் கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

சரி, இனி விற்பனைத் தகவல். ஒரு சப்ளையர், இருபது முப்பது பொருட்கள், முடிந்தால் எல்லாக் கடைகளும். இதோடு ஆரம்பியுங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, கடையின் எண், பொருளின் எண், விற்ற எண்ணிக்கை, திரும்பி வந்த எண்ணிக்கை, நாள் முடிவில் கையிருப்பு, ஆர்டர் போட்டு இன்னும் வராத எண்ணிக்கை. இவ்வளவு போதும். பணத் தொகை தேவையில்லை, உங்கள் லாபம் எவ்வளவு என்பது தேவையில்லை, வாங்கியவர் யார் என்பது கண்டிப்பாகத் தேவையில்லை. வாடிக்கையாளரின் பெயரோ கைபேசி எண்ணோ இந்தக் கோப்புக்குள் நுழையவே கூடாது.

சின்ன விஷயங்கள் மாதிரித் தெரியும், ஆனால் இவைதான் காலை வாரிவிடும்:

ஒன்றும் விற்காத நாளுக்கும் வரி அனுப்புங்கள், விற்றது 0 என்று. வரியே இல்லை என்றால் சப்ளையருக்கு அது விற்கவில்லையா, கோப்பு பாதியில் அறுந்துவிட்டதா என்று தெரியாது.

விற்றது 0, கையிருப்பும் 0 என்றால் அதன் பொருள் "யாருக்கும் வேண்டாம்" என்பதில்லை, "இருந்திருந்தால் விற்றிருக்கும்" என்பதாக இருக்கலாம். கையிருப்பு இல்லாமல் விற்பனையை மட்டும் அனுப்பினால் இந்த வித்தியாசமே தெரியாமல் போய்விடும்; முன்கணிப்பு கீழே இறங்கும், அதனால் இன்னும் குறைவாகச் சரக்கு வரும், அதனால் இன்னும் குறைவாக விற்கும். விற்பனையும் கையிருப்பும் எப்போதும் ஜோடியாகத்தான் போக வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் இதை எடுத்துக்கொண்டு போங்கள்.

நாள் எப்போது முடிகிறது, வாரம் எந்தக் கிழமை தொடங்குகிறது என்பதை இருவரும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாரம் ஞாயிறு தொடங்கி அவருடையது திங்கள் தொடங்கினால் வார இறுதி விற்பனை பாதி அங்கே பாதி இங்கே என்று பிளந்து கிடக்கும்.

நேற்றைய எண் இன்றைக்கு மாறும். தாமதமாக வந்த பில், ரத்தான பில், ரிட்டர்ன் எல்லாம் இருக்கும். எனவே தினமும் நேற்றையது மட்டும் என்று அனுப்பாமல், கடைசி 7 நாட்களை மறுபடி அனுப்பி, பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றச் சொல்லுங்கள். கூட்டிக்கொண்டே போகச் சொன்னால் இரட்டைக் கணக்காகிவிடும்.

எதன் வழியாக அனுப்புவது என்பதைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், உண்மையில் அது கடைசிக் கேள்வி. தொடக்கத்துக்கு ஒரு எக்செல் கோப்பு பாதுகாப்பான சர்வரில் தினமும் ஒரே நேரத்தில் விழுந்தால் போதும். அளவு கூடும்போது இடிஐ முறைக்குப் போகலாம், அதாவது ஆர்டர், பில் போன்றவற்றை இரு தரப்புக் கணினிகளும் ஒரே தர வடிவத்தில் பரிமாறிக்கொள்வது. வட அமெரிக்காவில் எக்ஸ்12 தரம், மற்ற நாடுகளில் பெரும்பாலும் எடிஃபாக்ட். எக்ஸ்12ல் 850 என்றால் ஆர்டர், 855 ஆர்டர் உறுதி, 856 சரக்கு வந்து சேரும் முன் வரும் அறிவிப்பு, 810 பில், நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் விற்பனையும் இருப்பும் 852. பெரிய சில்லறை நிறுவனங்கள் சொந்தத் தளமே வைத்திருக்கும். வால்மார்ட் 1990களின் தொடக்கத்தில் ரீடெய்ல் லிங்க் என்ற ஒன்றைக் கொண்டுவந்து, எந்தக் கடையில் தங்கள் பொருள் எவ்வளவு விற்றது என்பதைச் சப்ளையர்களே பார்க்க வழிசெய்தது. ஏபிஐ வழியாக, அதாவது இரண்டு மென்பொருள்களை நேரடியாக இணைத்து, நிமிடத்துக்கு நிமிடம் அனுப்பவும் முடியும், ஆனால் சப்ளையர் வாரத்துக்கு ஒரு தடவைதான் உற்பத்தித் திட்டம் போடுகிறார் என்றால் நிமிடக் கணக்கு யாருக்கு? முடிவெடுக்கும் வேகத்துக்குத் தகவல் வந்தால் போதும்.

நடக்கப்போவதைச் சொல்லுங்கள்

விற்பனை எண் என்பது நடந்து முடிந்தது. சப்ளையருக்கு அதைவிட மதிப்புள்ளது இனி நீங்கள் செய்யப்போவது. எந்த வாரம் சலுகை போடப்போகிறீர்கள், எந்தக் கடைகளில், எத்தனை நாள், விலையை எவ்வளவு இறக்குகிறீர்கள், கடையின் முகப்பில் தனி அடுக்கு வைக்கிறீர்களா, புதுக் கடை திறக்கிறீர்களா, ஒரு பொருளை ஷெல்ஃபில் இருந்து எடுக்கப்போகிறீர்களா. இவை உங்கள் தலையிலும் உங்கள் மார்க்கெட்டிங் ஆட்களின் தலையிலும் மட்டும் இருந்தால் சப்ளையருக்குத் திடீரென்று மூன்று மடங்கு ஆர்டர் வரும், அவர் அதை உண்மையான வளர்ச்சி என்று நினைத்து உற்பத்தியைக் கூட்டுவார், சலுகை முடிந்த வாரம் ஆர்டர் செத்துப்போயிருக்கும்.

சலுகைத் திட்டம் அவருடைய லீட் டைமைவிட முன்னாடியே போய்ச் சேர வேண்டும். தயாரிக்க ஆறு வாரம் ஆகும் பொருளுக்கு மூன்று வாரம் முன்னால் சொல்வது சொல்லாததற்குச் சமம். அனுப்பும்போது எண்ணை இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள்: சலுகை இல்லாமல் வழக்கமாக விற்பது இவ்வளவு, சலுகையால் கூடும் என்று நினைப்பது இவ்வளவு. அடுக்கை நிரப்ப மட்டும் தேவைப்படும் சரக்கு எவ்வளவு என்பதையும் தனியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அது விற்பனையே இல்லை, இடம் மாறிய இருப்புதான். சலுகை முடிந்ததும் எவ்வளவு மிஞ்சியது என்று சொல்லுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசித் தகவலைத்தான்; அது தெரியாமல் அடுத்த மூன்று வாரம் ஏன் ஆர்டர் வரவில்லை என்று அவர் குழம்பிக்கொண்டிருப்பார்.

சப்ளையர்களுக்கும் இதில் ஒன்று சொல்ல வேண்டும். நீங்களே மாதக் கடைசியில் டார்கெட் முடிக்கத் தள்ளுபடி கொடுத்தால், கடை மூன்று மாதத்துக்கான சரக்கை ஒரே நாளில் வாங்கிவைக்கும். அப்புறம் விற்பனைத் தகவலைப் பகிர்ந்து என்ன பயன்? பிராக்டர் அண்ட் கேம்பிள் 1990களின் தொடக்கத்தில் அவ்வப்போது கொடுக்கும் வணிகத் தள்ளுபடிகளைக் குறைத்து நிலையான குறைந்த விலைக்கு மாறியதற்கு இந்த ஆட்டத்தை அடக்குவதும் ஒரு காரணம்.

சப்ளையர் பக்கமிருந்து வர வேண்டியவை

பகிர்தல் என்றால் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். கடை எல்லாவற்றையும் திறந்து காட்டிவிட்டு, சப்ளையர் "பார்க்கிறோம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நாலு மாதத்தில் கடைக்காரருக்குச் சலித்துவிடும்.

ஆர்டர் கிடைத்த மறுநாளுக்குள், கேட்டதில் எவ்வளவு கொடுக்க முடியும், எந்தத் தேதியில் என்ற உறுதி வர வேண்டும். லாரி கிளம்பும்போது, வருவதற்கு முன்பே, எந்தப் பேலட்டில் என்ன இருக்கிறது என்ற அறிவிப்பு வர வேண்டும். பேலட்டில் ஒட்டியிருக்கும் எஸ்எஸ்சிசி எண்ணை ஒரு தடவை ஸ்கேன் செய்தால் சரக்கு முழுவதும் ஏறிவிடும், பெட்டி பெட்டியாகப் பிரித்து எண்ண வேண்டியதில்லை. காகிதத்தில் எழுதிய லீட் டைம் அல்ல, உண்மையில் கடந்த பத்து ஆர்டர்கள் எத்தனை நாளில் வந்தன என்ற கணக்கும் வேண்டும். பத்து நாள் என்று சொல்லி எப்போதும் பத்தாம் நாள் வருபவரோடு வேலை செய்வது சுலபம். ஏழு நாள் என்று சொல்லி ஒரு தடவை ஐந்தும் ஒரு தடவை பதினைந்தும் ஆகிறவருக்காகக் கடை எப்போதும் கூடுதல் இருப்பு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கெட்ட செய்தி. மூலப்பொருள் வரவில்லை, இயந்திரம் நின்றுவிட்டது, அடுத்த மாதம் கேட்டதில் பாதிதான் தர முடியும் என்பதைச் சப்ளையர்கள் கடைசி நிமிடம்வரை சொல்ல மாட்டார்கள், ஆர்டர் வேறு யாருக்காவது போய்விடும் என்ற பயம். ஆனால் கடைக்குச் சந்தேகம் வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். பாதிதான் தருவார்கள் என்று தெரிந்தால் 100 வேண்டியவர் 200 கேட்பார், அதையே இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவைப்பார். அந்தப் பொய்யான ஆர்டர்களை நம்பி உற்பத்தியைக் கூட்டினால், தட்டுப்பாடு தீர்ந்த அன்று எல்லா ஆர்டரும் ரத்தாகிவிடும். 2001ல் சிஸ்கோ நிறுவனம் 200 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள இருப்பைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. சந்தை சரிந்தது ஒரு காரணம். அதற்கு முந்தைய தட்டுப்பாட்டுக் காலத்தில் ஊதிப்போயிருந்த ஆர்டர்கள் இன்னொரு காரணம்.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. தட்டுப்பாட்டில் சரக்கைப் பங்கிடும்போது யார் எவ்வளவு கேட்டார்கள் என்று பார்க்காமல், யார் எவ்வளவு விற்றார்கள் என்று பார்த்துப் பங்கிடுங்கள். இதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். கூடுதலாகக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். விற்பனைத் தகவல் கையில் இருந்தால்தான் இப்படிப் பங்கிட முடியும் என்பதையும் கவனியுங்கள். தகவல் கொடுக்கும் கடைக்கு இதனால் நேரடி லாபம் இருக்கிறது.

யார் முடிவெடுப்பது

தகவல் வந்துகொண்டிருக்கிறது, யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இந்த நிலையை நான் பார்த்த அளவுக்கு வேறெதையும் பார்த்ததில்லை. கோப்பு தினமும் காலை வருகிறது, ஒரு ஃபோல்டரில் சேர்கிறது, உற்பத்தித் திட்டம் போடுபவர் பழையபடி ஆர்டரை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறார். எனவே தொடங்கும் முன்பே சப்ளையரிடம் கேளுங்கள்: இந்த எண்ணைப் பார்த்து உங்கள் அலுவலகத்தில் யார், எந்தக் கிழமை, எந்த முடிவை மாற்றுவார்? பதில் வரவில்லை என்றால் இன்னும் அனுப்ப வேண்டாம்.

இதில் படிகள் உண்டு. முதல் படியில் கடைதான் ஆர்டர் போடுகிறது, சப்ளையர் தகவலைப் பார்த்துத் தன் திட்டத்தைத் திருத்திக்கொள்கிறார். பெரும்பாலானவர்களுக்கு இதுவே நிறையப் பலன் தரும். அடுத்தது விஎம்ஐ, அதாவது கடையின் இருப்பைச் சப்ளையரே நிர்வகிப்பது: குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று எல்லை வகுத்துவிட்டால் இடையில் எப்போது எவ்வளவு அனுப்புவது என்பது அவர் பொறுப்பு. பல கடைகளின் இருப்பை ஒன்றாகப் பார்க்க முடிவதால் லாரியை நிரப்ப ஆர்டரைச் சேர்த்துவைக்க வேண்டிய அவசியம் அவருக்குக் குறையும். ஒரு பொருளின் முழு லோடுக்குப் பதில் பல பொருட்களைக் கலந்து அடிக்கடி அனுப்பலாம். ஆனால் கையிருப்புக் கணக்கு சுத்தமாக இல்லாமல் இதில் இறங்காதீர்கள். அதிகபட்ச எல்லையை எழுத மறந்தால் மாதக் கடைசியில் உங்கள் குடோனில் அவருடைய டார்கெட் வந்து இறங்கும். விற்காமல் நிற்கும் சரக்கு யார் தலையில் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இருவரும் சேர்ந்து முன்கணிப்பு போடுவது. சிபிஎஃப்ஆர் என்பார்கள். 1990களின் நடுவில் வால்மார்ட்டும் வார்னர்-லாம்பர்ட்டும் லிஸ்டரின் வாய்கொப்பளிப்பானை வைத்துச் சோதித்துப் பார்த்த முறை இது. 1998ல் அமெரிக்காவின் விஐசிஎஸ் அமைப்பு இதற்கான வழிமுறைகளை வெளியிட்டது. கேட்கப் பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது எளிது: கடை ஒரு முன்கணிப்பு போடும், சப்ளையர் ஒன்று போடுவார், இரண்டையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் பெரிதாக இருக்கும் பொருட்களை மட்டும் பேசுவார்கள். உதாரணமாக 20 சதவீதத்துக்கு மேல் என்று எல்லை வைத்துக்கொண்டால் முப்பது பொருளில் நாலைந்துதான் மேசைக்கு வரும். வாரத்துக்கு அரை மணி நேரம் போதும். அந்தக் கூட்டத்தில் விற்பனைப் பிரதிநிதியும் பேரம் பேசும் கொள்முதல் மேலாளரும் மட்டும் உட்கார்ந்தால் பேச்சு விலைக்குப் போய்விடும். சரக்குத் திட்டம் போடும் இரண்டு பேர் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பயம் நியாயமானதுதான்

கடைக்காரர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. என் எண்கள் என் போட்டியாளருக்குப் போனால்? அடுத்த விலைப் பேச்சில் எனக்கு எதிராகவே பயன்படுத்தினால்? இதை நம்பிக்கை என்ற சொல்லில் மூடிவிடாமல் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: எந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்தலாம், யார் பார்க்கலாம், எத்தனை மாதம் வைத்திருக்கலாம், உறவு முறிந்தால் எப்போது அழிக்க வேண்டும். சப்ளையர் ஒரு கடையின் சலுகைத் திட்டத்தையோ வருங்கால விற்பனை விலையையோ இன்னொரு கடைக்குச் சொல்லக் கூடாது. பல நாடுகளில் அது போட்டிச் சட்டத்தை மீறுவதாகவே ஆகிவிடக்கூடும், வெறும் ஒழுக்கப் பிரச்சினை இல்லை. அதேபோல் கடையும் ஒரு சப்ளையரின் எண்களைப் போட்டிச் சப்ளையரிடம் காட்டக் கூடாது. உங்கள் கோப்பில் அவருடைய பொருட்களின் வரிகள் மட்டும் போகட்டும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஆரம்பிக்கும் முன்பே அளந்துவையுங்கள். கடந்த 26 வார விற்பனையை எடுத்து அதன் வேறியத்தை (வேரியன்ஸ், எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகின்றன என்ற அளவு) கணக்கிடுங்கள், எக்செலில் ஒரே சூத்திரம். அதே 26 வாரம் கடை போட்ட ஆர்டர்களுக்கும், சப்ளையர் தொழிற்சாலைக்குப் போட்டவற்றுக்கும் அப்படியே செய்யுங்கள். ஆர்டரின் வேறியத்தை விற்பனையின் வேறியத்தால் வகுத்தால் வரும் எண் 1க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது; 4, 5 என்று வந்தால் தேவை அமைதியாக இருக்கிறது, நாம்தான் அதை ஆட்டிக்கொண்டிருக்கிறோம். இதோடு ஷெல்ஃபில் பொருள் இல்லாத நாட்கள் எத்தனை, கையிருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 2002ல் வெளியான ஓர் ஆய்வு, உலக அளவில் சராசரியாக 8.3 சதவீதப் பொருட்கள் ஷெல்ஃபில் இல்லாமல் இருப்பதாகச் சொன்னது. அதில் பெரும்பகுதிக்குக் காரணம் கடைக்குள்ளேயே நடக்கும் தவறுகள், தப்பான ஆர்டரும் பின்னறையிலிருந்து எடுத்து அடுக்காததும். சப்ளையரைக் குறை சொல்லும் முன் உங்கள் பின்னறையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது சப்ளையரைச் சேர்க்க அவசரப்பட வேண்டாம். முதல் சப்ளையரோடு ஒரு மாதம் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் கோப்பு போக வேண்டும், எண்ணிப் பார்த்த கையிருப்பு கோப்பில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும், இந்தத் தகவலைப் பார்த்து அவர் தன் திட்டத்தை மாற்றியதாக ஒரு தடவையாவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இந்த மூன்றும் நடந்த பிறகு அடுத்தவரைக் கூப்பிடுங்கள், அதே பொருள் பட்டியல் வேலையிலிருந்து.